ஆள் நிற்காமல் திறந்த பூட்டு

காக்ஸ் டவுன் வீட்டுப் பின்பக்கத்தில் ஃபிராங்க்ளின் தன் ஜட்டி பனியன்களைத் தானே துவைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவற்றை மனைவி ரெஜினாவிடம் கொடுத்ததே இல்லை. மங்களூர்ப் பக்கம் துறைமுகத்தில் மண் அள்ளும் கப்பலில் அவன் சமையல்காரன். இரண்டு பேருக்கு ஓர் அறை, ஊர்ப்பட்ட பேருக்கு ஒரே கக்கூஸ் என்று வாழ்கிறவனுக்குச் சொந்தம் என்று இருப்பது ஓர் இரும்பு லாக்கரும் அதன் பூட்டும்தான். வீட்டுக்கு வந்தாலும் பையைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சிலுவையோடு கோத்துக்கொள்வான். ஏசுவுக்கும் சாவிக்கும் ஒரே மரியாதை.

இந்த முறை காண்ட்ராக்ட் முடியுமுன்பே வந்துவிட்டான். கப்பலில் யாருடைய போனோ காணாமல் போக, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் எல்லார் லாக்கரையும் சோதித்தார். லாக்கர்க்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒரு சாட்சி வேண்டும் என்பது விதி. ஃபிராங்க்ளின் எண்ணெய்ச் சட்டியில் மீனைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றிருந்த நேரத்தில் மேட் அவன் பூட்டை உடைத்தார். போன் அங்கே இல்லை. ஃபிராங்க்ளின் அடுப்பை அணைத்தான். அன்று கப்பல் முழுக்க மத்தியானச் சாப்பாடு பிஸ்கட். மறுநாள் அவனை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

துவைகல் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. சோப்புக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினான். ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மைக்கேல்ராஜ்.

"ஒரே ஒரு சாரி சொல்லிடு குரு. திங்கக்கெழம ஏறிக்கலாம்."

"பூட்ட உடைச்சது அவன். சாரி நான் சொல்லணுமா?"

"உன் ரைட்ஸ் கரெக்ட்தான். அத வெச்சு வாடகை குடுக்க முடியுமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற குக்க அனுப்பிடுவேன்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். துவைப்பதற்காகக் கழற்றி ஜன்னலில் வைத்த சிலுவையைக் காணோம். கட்டிலில் ரெஜினா. பக்கத்தில் திறந்த பை. மடியில் அவளுடைய பழைய ஊதா நைட்டி.

"மாடிக் கொடியிலேர்ந்து பக்கத்து வீட்டு ஜாய்சன் பொண்டாட்டிதான் இத சுட்டுட்டான்னு ஈஸ்டர்லேர்ந்து அவகூட பேசறதில்ல நான். பூசையில சமாதானம் சொல்றப்பகூட கை குடுக்கல!"

"என் பைய ஏன் தொறந்த? நான் நின்னாதான் தொறக்கணும், கப்பல்லயே ரூல் இருக்கு!"

"மேட் கண்டுபுடிச்சது இதானா?"

சுவரைப் பார்த்தான். "ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சு, இத மாட்டிக்கிட்டுதான் மீன் பொரிக்கிறியான்னு கேட்டான். எல்லாம் சிரிச்சானுங்க."

ரெஜினாவும் சிரித்துவிட்டாள். "எதுக்குங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"தலகாணிக்கு ஒற இல்ல."

"பொய்யி."

"அங்க எல்லாமே டீசல் நாத்தம் ரெஜி."

ஒரு நொடி இளகியவள் உடனே தேறிக்கொண்டாள். "கொடியிலேர்ந்து உருவினப்ப நான் பக்கத்துல நின்னேனா? சாட்சிக்கு யாரு, ஃபாதரா?"

ஃபிராங்க்ளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சோப்பு நுரை முழங்கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"சரி, உங்கிட்ட சாரி. அந்த மேட்டுக்கிட்ட சொல்லணுமா, வேணாமா? நீயே சொல்லு. இத வுட்டா அடுத்த கப்பல் எப்பன்னு தெரியாது."

ரெஜினா நைட்டியை மடித்து அவன் பையில் வைத்தாள். சிலுவையையும் சாவியையும் அவன் பக்கத்தில் போட்டுவிட்டு, "திங்கக்கெழமைக்குள்ள காயணும்" என்று அவன் பாதியில் விட்ட துணிகளை அலசப் போனாள்.