பள்ளிக்கு வராத பையன்

ஒரு நாள் முற்பகலில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடுகள் சரிவில் இறங்கி, தோல்பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டிய நேரத்தில் ஊர்த் தலையாரி வேலியோரம் வந்து நின்றார்.

"பையனப் பள்ளிக்கூடத்துல சேத்துப்போட்டு ஆடு மேய்க்க உட்டுட்டீங்களாக்கும்," என்று சிரித்தார்.

சேர்த்த பிறகு என் மகன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வரவில்லையாம். இனியும் வராவிட்டால் பேரை எடுத்துவிடப் போவதாக வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

அன்று காலையிலும் நான்தானே அவனைக் கூட்டிப்போனேன். அவன் அம்மா கம்மஞ்சோறு போட்டுக் கொடுத்த போசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாரியம்மன் கோயில் மதில் முடியும் இடம் வரைக்கும்தான் நான் போவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம். அவன் மதில் முனையில் திரும்பியதும் நானும் திரும்பிவிடுவேன். அவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மதிலுக்கு அப்பால் ஒரு தடம் பள்ளிக்கும், இன்னொன்று கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணற்றுக்கும் போகிறது.

மாடுகளை நுகத்தோடு விட்டுவிட்டு ஓடினேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. அவன் அம்மாவிடம் என்னவென்று சொல்வது? சாயங்காலம் சிலேட்டில் அனா, ஆவன்னா எழுதிக்கொண்டு வருவானே, அதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது? இத்தனை நாளும் யாரோடு இருந்தான்?

பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாசி படிந்த தண்ணீரில் ஒரு பனை மட்டை மிதந்தது. அது மட்டை என்று தெரிவதற்குள் தலைத்துண்டை அவிழ்த்து எறிந்து குதிக்கப் போய்விட்டேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வாசலில் நின்று பார்த்தால், கடைசி வரிசையில் சுவரோரம் என் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

என்ன வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். கையை நீட்டி, "அவந்தானுங்க எம் பையன். பேரை எடுத்துருவீங்கன்னு தலையாரி சொன்னாருங்க," என்றேன்.

வாத்தியார் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெரிய வகுப்புப் பெண்ணின் தம்பி என்றே அவர் நினைத்திருந்தார். அம்மா காட்டு வேலைக்குப் போனால், சின்னக் குழந்தைகளைப் பெரியவர்கள் பள்ளிக்கு இழுத்து வருவது எங்கள் பக்கம் வழக்கம். சும்மா இருக்கிறானே என்று சிலேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தினமும் பேர் கூப்பிடுகிறேனே, வாயைத் திறக்கக் கூடாதா என்று அவனைக் கேட்டார். பிறகு அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னார். என் மகன் வாசல் பக்கம் திரும்பி, யார் வந்தது என்று பார்த்தான்.

அது என் அப்பாவின் பேர். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான் வைப்பது. என் மனைவி மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள். நானும் என் அப்பாவின் பேரை வாய்விட்டுச் சொன்னவன் இல்லை. செத்துப்போனவர் பேரைச் சொல்லிச் சின்னப் பிள்ளையை அதட்ட முடியுமா? வீட்டில் அவன் வெறும் சாமிதான். பள்ளியில் சேர்த்த அன்றுகூட என் மனைவியின் அண்ணன்தான் பேரைச் சொன்னார். பையன் வெளியே பள்ளிக்கூட மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கென்று ஒரு பேர் இருப்பதை அவனிடம் யாருமே சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை.

"நீயே ஒரு தடவை கூப்பிடு. அப்பன் வாயால கேட்டாத்தான் அவனுக்குப் புரியும்," என்றார் வாத்தியார்.

பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். வேர்த்துப்போய் நின்றேன். கடைசியில் என் அப்பாவின் பேரைச் சொன்னேன். சொன்ன வாய் தானாகவே 'வாங்க' என்று முடித்தது. பெரிய பையன்கள் சிரித்துவிட்டார்கள். மகன் அசையவில்லை. இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார் வாத்தியார்.

வழியில் அவன் கை சில்லென்று இருந்தது. கோயிலைத் தாண்டியதும் நின்றுவிட்டான்.

"ஏனுங்கப்பா, அந்தப் பையன் நானுங்களா?"

ஆமாம் என்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஏன் என்று கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தினமும் அந்தப் பேரைக் கூப்பிட்டுவிட்டு வாத்தியார் பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாராம். அந்தப் பயல் வரட்டும், வந்த அன்றைக்குத் தோலை உரிக்கிறேன் என்பாராம். அந்தப் பையன் வந்துவிடக் கூடாது என்று இவன் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம்.

"இன்னைக்கு வந்துட்டனுங்களே," என்றான்.

அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கே திரும்பினேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக மேசைக்குப் போய், "அடிக்க மாட்டேன்னு நீங்களே அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றேன்.

விஷயத்தைக் கேட்டு வாத்தியாரும் திகைத்துப்போனார். சும்மா மிரட்டலுக்குச் சொன்னதுதானே என்றார். பிரம்பை எடுத்துக் கூரைச் சந்தில் செருகிவிட்டு, அவன் முதுகைத் தடவி, அடிக்க மாட்டேன் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பையன் என் தோளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.