ஈரம் காயாத அந்தோனியார்

1996 மே 7, செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்திலிருந்து காலை 7.52க்குப் புறப்பட்டோம். கொலோன் வரை எண்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். எஸ்ஸனில் வண்டி மாற வேண்டும். சீட்டு ஆளுக்கு 23 மார்க் 40. என் கையில் பதினான்கு பக்க விண்ணப்பம். என் ஊர்க்காரர் மரியதாசின் மடியில் கம்பளியால் சுற்றிய அந்தோனியார் சுரூபம்.

மரச் சுரூபம், உயரம் இரண்டடி நான்கு அங்குலம். மன்னாரை விட்டு வெளியேறியபோது மரியதாஸ் அதை அரிசிச் சாக்கில் போட்டு வள்ளத்தில் ஏற்றினார். ஆறு வருடமாக அவர் வீட்டில் இருக்கிறது. யூன் மாதத் திருநாளன்று வெளியே வரும். இப்போது உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் புழுத் துளைகள் நாற்பத்தொன்று. போன மாதம் எண்ணும்போது இருபத்தாறு. குழந்தை யேசுவைத் தாங்கும் கை ஆடத் தொடங்கிவிட்டது. கொலோனில் ஒரு வங்கி பழைய கலைப்பொருள்களைப் பாதுகாக்க உதவுகிறது என்று அறிந்து நான் விண்ணப்பித்தேன். நேரில் பார்க்கப் பதினொரு மணிக்குத் தெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், தந்திருந்தார்கள். இந்த வருடத்துக்கு அதுவே கடைசி நாள்.

எஸ்ஸன் தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண்மணி மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து யன்னலைத் திறந்தார். எனக்கும் மணத்தது.

“என்ன மணம் இது?” என்று மரியதாசைக் கேட்டேன்.

“பெயின்ற், மாஸ்டர். நேற்றுப் பின்னேரம் சுரூபத்துக்கு அடிச்சனான். ரெண்டு கோட்.”

விண்ணப்பத்தின் ஆறாம் பக்கம் முழுவதும் பழைய வண்ணப் பூச்சைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

“ஆரைக் கேட்டு அடிச்சனீர்?”

“ஆரைக் கேக்கிறது? திருநாளுக்கு முதல் கிழமை என்ர அப்பு அடிப்பார், அவருக்குப் பிறகு நான். புதுப் பெயின்ற் இல்லாமல் அந்தோனியார் வாசல் தாண்டினதில்லை. வங்கிக்காரருக்கு முன்னால ஊத்தையோட கொண்டுபோய் நிப்பாட்டுறதோ?”

“அவங்கள் பாக்க நினைக்கிறதே அந்த ஊத்தையைத்தான் ஐசே.”

டூயிஸ்பேர்க்கில் அவர் கம்பளியின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். “காஞ்சிட்டுதெண்டு நினைச்சன். ஒட்டுது.”

நான் கணக்குப் போட்டேன். திரும்பிப் போனால் தெர்மீன் போய்விடும். போகும் வேகத்தில் புழு அடுத்த வருடம்வரை காத்திராது. மன்னாரில் இருந்தபோதே அடித்தது என்று சொல்லலாமா? மரியதாசின் பத்து விரல்களில் ஏழின் நகக்கண்ணில் மண்ணிறம் இருந்தது.

9.40. கொலோன். நிலையத்திலிருந்து வங்கிக்கு 1,140 அடிகள். முக்கால் மணிநேரம் வெளியே நின்றோம். காற்றுப் பட்டால் காயும் என்று மரியதாஸ் கம்பளியைத் தளர்த்திப் பிடித்திருந்தார்.

11.00. மூன்றாம் மாடி. வங்கியின் பெண் அதிகாரி ஒருவர். பழஞ்சிற்பங்களைத் திருத்தும் நிபுணர் ஒருவர். கம்பளியை உரித்தபோது அந்தோனியாரின் அங்கியெங்கும் கம்பளி மயிர் முளைத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது எப்போது பூசியது என்று நிபுணர் ஜெர்மன் மொழியில் கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

“நேற்று, நான்தான் எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். அவரை முன்னால வைச்சுக்கொண்டு பொய் சொல்ல ஏலாது.”

சொன்னேன். நிபுணர் பஞ்சில் ஏதோ திரவத்தைத் தொட்டு அங்கியின் பின்விளிம்பில் தேய்த்தார். பஞ்சு மண்ணிறமானது; கீழே மங்கிய பழைய நிறம் தெரிந்தது. ஒருநாள் பூச்சு என்பதால் கழன்று வருகிறது, ஒரு மாதம் போயிருந்தால் கீழுள்ளதையும் பிய்த்திருக்கும் என்றார். பிறகு உதிர்ந்திருந்த ஓரிடத்தில் பூதக்கண்ணாடியை வைத்து என்னை அழைத்தார். வெட்டிய வெங்காயம்போலப் படை படையாக இருந்தது. நான் பத்தொன்பது எண்ணினேன், அவர் இருபது. மறுபடி எண்ணினோம். இருபதுதான்.

“மேல ஒன்பதும் என்ர,” என்றார் மரியதாஸ். “மற்றது அப்புவின்ர.”

நான் மொழிபெயர்க்க, நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார். அதிகாரி வெளியே போய் இருபத்திரண்டு நிமிடம் கழித்து ஒப்பந்தத்தோடு வந்தார். ஒன்பது விதிகள். சுரூபம் மரியதாசுக்கே சொந்தம். புழுவை ஒழித்துக் கையைப் பொருத்தி ஏழு மாதத்தில் திருப்பித் தருவார்கள். செலவு வங்கியுடையது. ஏழாம் விதி: இனிமேல் எவரும் அதன்மேல் வண்ணம் பூசக்கூடாது.

“ஒருநாளும் இல்லையோ?”

கேட்டுச் சொன்னேன். “ஒருநாளும் இல்லை.”

“திருநாளுக்கும்?”

“வெளியில கொண்டுவரலாம். பெயின்ற் அடிக்க ஏலாது.”

மரியதாஸ் பேனையைப் பிடித்தபடி இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. நான் வற்புறுத்தவில்லை.

“அப்பு அடிச்சது உள்ளுக்க பத்திரமா இருக்கும்தானே,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

1.14 வண்டியில் திரும்பினோம். வெறும் கம்பளியை மடித்து மடியிலேயே வைத்திருந்தார். எங்கள் ஊரில் புனிதரை நேசிப்பவன் வருடந்தோறும் அவரைப் புதிதாக்குகிறான். இங்கே அவரைத் தொடாமல் விடுவதற்கு ஒரு வங்கி செலவழிக்கிறது. புழுவுக்கு மருந்து இவர்களிடம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது பெயின்ற் மட்டுமே. ஆனாலும் அந்த இருபது படைகளுக்கும் ஆள் யார் என்று சொல்ல மரியதாஸ் வேண்டியிருந்தது.

டுஸ்ஸல்டோர்வில் வண்டி நின்றபோது அவர் கேட்டார்: “டின்னில பாதி மிச்சம் கிடக்கு மாஸ்டர். அவர் நிக்கிற பீடம் நான் இங்க பலகையில செய்தது. இந்த முறை திருநாளுக்கு அதுதான் தனிய நிக்கப்போகுது. அதுக்கு அடிக்கலாமோ?”

ஒப்பந்தத்தை எடுத்து முதலாம் விதியிலிருந்து ஒன்பதாம் விதிவரை படித்தேன். திரும்பவும் படித்தேன். பீடத்தைப் பற்றி எங்கும் இல்லை.

“அடியும்,” என்றேன். “ஆனால் ரெண்டு நாளைக்கு முதல் அடியும்.”