செருப்புகள் நின்ற வரிசை

என் இடது கால் சுண்டுவிரலில் புண் வந்தபோது, கட்டு மாற்றுவதற்காகக் கிள்ளானில் எங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்குக்குத் தினமும் போனேன். நான் இனிப்புநீர்க்காரன், அதாவது சர்க்கரை வியாதிக்காரன். கால் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. புண் இருப்பதே குனிந்து பார்த்தால்தான் தெரியும். மரத்துப்போனது காலோடு நிற்கவில்லை என்பது என் மனைவியின் கட்சி.

கட்டு போட ஓர் அறை. அதில் ஒரே ஒரு மிஸ்ஸி. நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வெளியே முப்பது நாற்பது பேர். எண் கொடுக்கும் இயந்திரம் கெட்டுக் கிடந்ததால், கதவிலிருந்து சுவரோரமாகச் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வோம். யார் செருப்பு முன்னால் இருக்கிறதோ அவர் முதலில் உள்ளே. ஆக, காலில் புண் உள்ள அத்தனை பேரும் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்தோம். இந்த யோசனையைச் சொன்ன மேதை நான்தான்.

"பைத்தியமா லா நீங்கள்லாம்? நான் உள்ள கழுவிக் கட்டி விடுறேன், நீங்க வெளிய அழுக்குல மிதிக்கிறீங்க!" என்று மிஸ்ஸி கத்துவார். ஒருவரும் செருப்பை எடுக்கவில்லை.

கட்டுத்துணி அடிக்கடி தீர்ந்துவிடும். ஃபார்மசியில் வாங்கிவரச் சொல்வார். வாங்கிக்கொண்டு திரும்பினால் செருப்பு பின்னால் போயிருக்கும். அங்கே பக்கத்து நாற்காலிக்காரரின் புண் ஆறினால்கூட எரிச்சல்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் என் செருப்பு மூன்றாவது இடத்திலிருந்து ஆறாவது இடத்துக்குப் போயிருந்தது. என் இடத்தில் ஜெஞ்சாரோமிலிருந்து வரும் ஒரு பெண்மணியின் பூப்போட்ட செருப்பு.

"அக்கா, இது என் இடம்."

"பேரு எழுதியிருக்கா, அண்ணே?"

"இந்த வரிசைய ஆரம்பிச்சதே நான்தான்!"

"அப்ப கிளினிக்கையும் நீங்களே நடத்துங்க. நான் ரெண்டு பஸ் மாறி வரேன். மோட்டார்ல அஞ்சு நிமிசத்துல வந்துட்டு பேச்சப் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பூப்போட்ட செருப்பை ஓங்கி உதைத்தேன். புண் உள்ள காலால். செருப்பு அசைந்ததோ இல்லையோ, என் கட்டு அவிழ்ந்து பறந்தது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். "அங்கிள், சண்டை போடுறதுன்னா வெளிய போய்ப் போடுங்க."

"உங்க கட்டும் வேணாம், ஒன்னும் வேணாம்!" என்று மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதனும் வியாழனும் போகவில்லை, மனைவியிடம் சொல்லவும் இல்லை. புண்ணில் ஏதோ களிம்பைத் தடவி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டேன். வலி இல்லாததால் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வியாழக்கிழமை, வீட்டில் எலி செத்து நாறுகிறது என்றாள் மனைவி. டார்ச் லைட்டோடு அலமாரிக்கு அடியில் நானும் சேர்ந்து தேடினேன். கடைசியில் என் காலடியில் வந்து மூக்கைப் பொத்தினாள்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி துணியை அவிழ்த்தார். விரல் கறுத்திருந்தது.

"ஏன் ரெண்டு நாளா வரல?"

"நீங்கதானே வெளிய போகச் சொன்னீங்க?"

"சண்டையத்தான் வெளிய போடச் சொன்னேன். கால எடுத்துட்டுப் போகச் சொல்லல." இடுக்கியைத் தட்டில் எறிந்தார். "இத்தன பேருக்கு ஒரே ஆளு. காலையிலருந்து தண்ணி குடிக்கல. உங்க ரோஷத்தையும் நான்தான் கழுவிக் கட்டணுமா?"

"விரல் தப்பிக்குமா, மிஸ்ஸி?"

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி என் மடியில் போட்டார். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறேன்னு கெளம்புனீங்க, காலையே மறந்துடுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அழுகல் பரவியிருந்ததால் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மனைவி கட்டில் ஓரத்தில் நின்று, எப்படி இவ்வளவு முற்றியது என்று கேட்டாள்.

"அந்த மிஸ்ஸி சரியாவே கட்டு போடல" என்றேன்.

அவள் அதை என் தம்பியிடம் சொன்னாள், கோயிலில் சொன்னாள், தெருவுக்கே சொன்னாள். இன்றுவரை அந்த மிஸ்ஸியைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.