இடது பக்கக் கதவு

எங்க வீட்டுக் கார் ரொம்பப் பழசு. கண்ணாடியைக் கையால சுத்தி இறக்குற காலத்து வண்டி. ஓட்டுறது எப்பவும் நான்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பாத்தாலே வேர்த்துடும். ஆனா இடது பக்கம் உக்காந்துகிட்டு, "மெதுவா போ, மாடு வருது பாரு"ன்னு எனக்கு ஓட்டக் கத்துக்குடுப்பாரு!

அந்த சீட்லதான் அவர் உயிர் போச்சு. முதலியார்பேட்டை தாண்டி, காலையில, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரோட்டைக் கடக்கட்டும்னு நிறுத்தியிருந்தேன். கதவைக் கெட்டியாப் பிடிச்சாரு. என்னங்கன்னு நான் திரும்புறதுக்குள்ள சாஞ்சுட்டாரு. கதவோட உள்பக்கம் ரெக்ஸின்ல அவரோட நகக் கீறல் அப்படியே இருந்துச்சு.

அவருக்கு பிரஷர். தினம் காலையில மாத்திரை அட்டையில ஒண்ணைக் கத்தரியால வெட்டி, பிரிக்காம அப்படியே கையில குடுப்பேன். இட்லி சாப்பிட்ட கையோட கார்ல ஏறுவாரு, வழியில பிரிச்சுப் போட்டுக்கிட்டு தண்ணி குடிப்பாரு. அண்ணாந்து குடிக்கும்போது தொண்டைக்குழி ஏறி இறங்குறதை ஓரக்கண்ணால பாப்பேன். அதோட என் வேலை முடிஞ்சுதுன்னு ரோட்டைப் பாத்து ஓட்டுவேன்.

காரியம் முடிஞ்ச அன்னிக்கே எங்க அத்தை, அவரோட அம்மா, கேட்டாங்க. "அன்னிக்கு மாத்திரை குடுத்தியாம்மா?"

"குடுத்தேன் அத்தை."

மறுநாளும் கேட்டாங்க. அதுக்கு மறுநாளும். அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, சும்மா உக்காந்திருக்கும்போது. குரலை ஒசத்தமாட்டாங்க. குடுத்தேன், சத்தியமா குடுத்தேன். ஆனா கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அன்னிக்குக் கத்தரியைக் கையில எடுத்தேனா? எடுத்த மாதிரி இருக்கு, அது முந்தின நாளோ என்னவோ. நான்தான் அந்த மனுஷனைக் கொன்னுட்டேனோன்னு நெனச்சு நெனச்சு சோறு எறங்கல.

அந்த நேரத்துலதான் கதவு சத்தம் போட ஆரம்பிச்சுது. முன்னயும் லேசா இருந்திருக்கு. "பழைய வண்டி, அப்படித்தான் பேசும்"னு அவர் சிரிப்பாரு. இப்ப பக்கத்து சீட் காலி, நல்லாவே கேட்டுது. வேகத்தடையில ஏறினா சலக். வளைவுல திரும்பினா உள்ள ஏதோ ஒண்ணு மெதுவா நகந்து அந்தக் கோடிக்குப் போவும், ஆள் தள்ளி உக்கார்ற மாதிரி. நான் ரோட்டை மட்டும் பாத்து ஓட்டுவேன். வாயில முருகா முருகான்னு வந்துகிட்டே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அத்தை கூப்புட்டு, "கார்ல அவன் அசையறாம்மா"ன்னாங்க. அவங்க ரூம் ஜன்னலை ஒட்டித்தான் வண்டி நிக்கும். என்ன பேச்சு இது அத்தைன்னு எரிஞ்சு விழுந்துட்டு வெளிய போனேன். காத்து இல்ல. கண்ணாடியெல்லாம் ஏத்தி, கதவெல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு. கதவைத் திறந்து, அந்தக் கீறல் மேலயே காதை வச்சேன். ஒண்ணும் இல்லன்னு நிமிரப் போனப்ப உள்ள சலக்னுச்சு. கதவைப் படார்னு சாத்திட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன்.

அத்தைக்கு வீராம்பட்டினத்து அம்மனைப் பாக்கணும். ஆனா அவன் நகம் பட்ட கதவுக்குப் பக்கத்துல உக்காரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். எனக்கும் அதைப் பாத்துகிட்டே ஓட்ட முடியல. சீட் கவர் கடைக்கு எடுத்துட்டுப் போயி, கதவுக்கெல்லாம் புது ரெக்ஸின் போட்டுடுங்கன்னேன்.

கடைக்காரர் போன்ல யார்கூடவோ சண்டை போட்டுகிட்டே கண்ணாடி சுத்துற கைப்பிடியைக் கழட்டினாரு, ஸ்குரூவைக் கழட்டினாரு, கதவோட உள்பக்க அட்டையை நெம்பினாரு. கிளிப்பெல்லாம் பட்பட்டுன்னு விட்டுது. அட்டை கையோட வந்ததும் அவர் பேச்சு நின்னுடுச்சு. "அக்கா, இங்க வந்து பாருங்களேன்!"

கதவோட அடிவயித்துல மாத்திரை. வெட்டின துண்டு துண்டா, ஒண்ணுகூடப் பிரிக்காம. வெள்ளித்தாள் சிலது கறுத்திருந்துச்சு, சிலது நேத்து வெட்டின மாதிரி மின்னுச்சு. என் கத்தரி வெட்டு எனக்குத் தெரியாதா? ஒரு ஓரம் கோணலாத்தான் போவும்.

கண்ணாடி இறங்குற சந்துல போட்டிருக்காரு. தினமும் என் பக்கத்துல உக்காந்துகிட்டு, வெறும் தண்ணியை முழுங்கியிருக்காரு. "அடப்பாவி மனுஷா!"ன்னு கத்திட்டேன். கடைக்காரர் பயந்து தள்ளி நின்னாரு. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நான் குடுத்தேன், குடுத்திருக்கேன்னு நெஞ்சு லேசான மாதிரியும் இருந்துச்சு. கதவுக்குள்ள கையை விட்டுத் துழாவி, ஒண்ணு விடாம நானே அள்ளிக் குப்பையில போட்டேன். அத்தைகிட்ட சொல்லல. பெத்தவகிட்ட எப்படிச் சொல்றது, உன் பிள்ளை தன் உயிரைத் தானே கதவுக்குள்ள போட்டுட்டான்னு?

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினோம். அத்தை அவர் சீட்ல உக்காந்து புது ரெக்ஸினைத் தடவிப் பாத்தாங்க. பசை வாடை இன்னும் போகல. அவங்களுக்கும் பிரஷர்தான். ஒண்ணு வெட்டிக் குடுத்தேன். தண்ணி குடிச்சாங்க, தொண்டை ஏறி இறங்குச்சு. கொஞ்ச தூரம் போயிருப்போம். டிக்.

துழாவித் துழாவிக் காலி பண்ண கதவு. வண்டியை ஓரம் கட்டிட்டுத் திரும்பினேன். அத்தையோட விரல் கண்ணாடி ரப்பர் மேலயே இருந்துச்சு.

"என்ன அத்தை போட்டீங்க?"

"இங்கிலீஷ் மருந்து சூடும்மா. தினம் தின்னா குடலை அரிச்சுடும். அவன்கிட்டயும் நான்தான் சொன்னேன். அவ ஆசையா குடுக்குறா, வாங்கிக்கோ, முழுங்காதேன்னேன். இந்த சந்துல போட்டா தெரியாதும்மான்னு அவன்தான் காட்டினான்."

"எல்லாம் தெரிஞ்சு வச்சுகிட்டேவா என்னைத் தினம் தினம் கேட்டீங்க?"

அத்தை ரோட்டையே பாத்துகிட்டிருந்தாங்க. "ஒரு நாளாவது நீ, மறந்துட்டேன் அத்தை, குடுக்கலன்னு சொல்லமாட்டியான்னுதான் கேட்டேன்."

கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்துச்சு எனக்கு. பையில இருந்து இன்னொரு மாத்திரையை எடுத்து, நானே பிரிச்சேன். "வாயைத் திறங்க." திறந்தாங்க. நாக்கு மேல வச்சு, தண்ணியை ஊத்தி, திரும்ப வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். நாக்கைத் தூக்கியும் பாத்தேன். அதுக்கப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.

கோயிலுக்குப் போற வழியில ஒரு வேகத்தடை. கதவுக்குள்ள சலக்னுச்சு. அத்தை என்னைப் பாக்கல, நானும் திரும்பல.