ஒருதரம் அழுத்தினால் எடுக்க, மறுதரம் அழுத்தினால் வைக்க

தங்கராசாவுக்கு எதிலாவது குறை தெரிந்தால், அதை எழுதிப்போட்டுவிட்டுத்தான் மறுவேலை. பேருந்தில் மணியடிக்கும் பொத்தான் எட்டாத உயரத்தில் இருக்கிறதென்று ஜெர்மனியில் அவர் வசிக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரின் போக்குவரத்துக்காரருக்கு எழுதியிருக்கிறார். கோயிலில் செருப்பு வைக்கிற இடத்தில் நெரிசல் என்று நிர்வாகசபைக்கு எழுதியிருக்கிறார். "கறியிலை உப்புக் குறைஞ்சாலும் இந்த மனிசன் அன்ட்ராக் எழுதித்தான் கேக்கும்" என்று மனைவி பாலாம்பிகை ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார். அன்ட்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம்.

பதினான்கு வருடம் இரும்பு வார்ப்பாலையில் வேலை செய்தவர். அங்கே ஓர் இயந்திரம் வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கொண்டுபோயிற்று. பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று மருத்துவர் எழுதிக்கொடுக்க, 2008இல், நாற்பத்தாறு வயதில், களஞ்சிய வேலைக்கான மறுபயிற்சியில் சேர்ந்தார்.

கணினி வகுப்பை எடுத்த ஹோல்ட்காம்ப் அம்மையார், சிறுவர்களுக்கென்று செய்த ஒரு நிரல்மொழியில்தான் தொடங்கினார். அதில் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் கிடக்கும். மவுஸால் இழுத்துவந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். தங்கராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இழுக்க வேண்டியிருந்தது. மோதிரவிரல் களைத்து விட்டுவிடும். கட்டை பாதிவழியில் விழும்.

அந்த மொழியின் இணையத்தளத்தில், புதிதாக என்ன வேண்டும் என்று பயனாளர்கள் எழுத ஒரு பக்கம் இருந்தது. ஒருதரம் அழுத்தினால் கட்டை மவுஸோடு வர வேண்டும், மறுதரம் அழுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஜெர்மனில் எழுதினார். பிழை பார்த்துக் கொடுத்தவர், வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண் கொறற்றி.

"அண்ணை, கை விசயத்தை எழுதேல்லையே?"

"அது என்னத்துக்கு? கட்டை விழுகுது எண்டதுதானே விசயம்."

இரண்டு நாளில் பதில்கள் வந்தன. நல்ல மவுஸ் வாங்கு என்றார் ஒருவர். இழுக்கக்கூடப் பஞ்சியா, அவ்வளவு சோம்பலா என்று இன்னொருவர் கேட்டிருந்தார்; எழுத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை. தளத்தைப் பார்த்துக்கொள்பவர் மட்டும், நீங்கள் சொல்வது சரியாக விளங்கவில்லை, காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். தங்கராசாவுக்குக் கோபம் வந்தது. அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

"விடுங்கோ அண்ணை, சின்னப் பிள்ளையளின்ரை கதை" என்றார் கொறற்றி.

"இல்லை. காட்டச் சொல்லிக் கேக்கினம். காட்டுவம்."

அந்த மொழியிலேயே செய்துகாட்டத் தொடங்கினார். திரையில் ஒரு நீலக் கட்டைப் படம். அழுத்தினால் மவுஸோடு வரும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இவ்வளவுதான், ஆனால் முப்பது கட்டைகளுக்கு மேல் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தரம் விழுந்தது. ஒன்பது நாள், வகுப்பு முடிந்த பிறகு இருந்து செய்தார். முடித்து அனுப்பும்போது ஒரே ஒரு வரி சேர்த்தார்: "இதைச் செய்தவருக்கு வலது கையில் மூன்று விரல்."

இந்தமுறை பகிடி பண்ண ஒருவரும் வரவில்லை. நூற்றுச் சொச்சம் பேர் தங்களுக்கும் வேண்டும் என்று எழுதினார்கள். அதில் கை நடுங்குகிற ஒரு தபால்காரரும் இருந்தார். பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்று தளத்திலிருந்து பதில் வந்தது. அதன்பிறகு ஒரு வருடம் ஒரு சத்தமும் இல்லை. தங்கராசா பயிற்சியை முடித்து, ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

2009 கடைசியில் புதிய பதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாலாம்பிகையைப் பக்கத்தில் இருத்திவைத்துத் திறந்து பார்த்தார். ஒரு கையால் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திக்கொண்டு, மறுகையால் மவுஸை ஒருதரம் அழுத்தினால், கட்டை மவுஸோடு வந்தது. விழவில்லை. மூன்றுதரம் எடுத்தெடுத்து வைத்தார்.

"சந்தோசம்தானே? நீங்கள் கேட்டது வந்திட்டுது" என்றார் பாலாம்பிகை.

"வந்திட்டுது. ஆனா இதுக்கு ரெண்டு கை வேணும். ஒரு கை மட்டும் உள்ளவன் என்ன செய்வான்?"

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. தங்கராசா தளத்தில் பயனாளர்கள் எழுதும் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடுத்த கோரிக்கையை எழுதத் தொடங்கினார்.