ஜாய்சியின் ஞானத்தாய்

அஸ்தினாபுரத்தில் எங்கள் கீழ்வீட்டு அமலராணி அக்கா, மாதா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். முப்பது வருடமாகத் திருமுழுக்குச் சான்றிதழ் எழுதுகிறவர். ஆதாரில் ஓர் எழுத்து கூடியிருந்ததற்காக என் மகளின் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிய புண்ணியவதி. அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத ஜீவன் ஒன்று இருந்தது என்றால் எனக்குச் சந்தோஷம் வராதா?

அதுதான் ஜாய்சி. மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு தென் அமெரிக்கக் கிளி. அக்காவின் அண்ணன் மகன் ஃபிரெடி பில் இல்லாமல் வாங்கி, கனடா போகும்போது அத்தையிடம் விட்டுப் போனது. கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா அதனோடுதான் சாப்பிடுவார், சண்டை போடுவார், ஜெபமாலை சொல்வார்.

வெளிநாட்டுப் பறவைகளை வனத்துறையில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பில் இல்லையே, பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

"பேசாம உள்ரூம்ல வச்சிக்கோங்கக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"ஊர்ல எல்லாரையும் பேப்பர் கொண்டான்னு விரட்டிட்டு, நான் ஒளிச்சு வைக்கவா?" என்று என் மேலேயே பாய்ந்தார்.

விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். பழக்கதோஷம் விடுமா? பறவை கிடைத்த விதத்தைக் கேட்ட இடத்தில், 'ஃபிரெடி கொடுத்தது, பில் இல்லை. தந்தை, தாய்: தெரியாது. ஞானத்தாய்: அமலராணி' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் வனத்துறையிலிருந்து ஜெயகிருஷ்ணன் என்பவர் வந்தார். கூண்டைப் பார்த்தார், படம் எடுத்தார், விண்ணப்பத்தைப் படித்துத் தலையைச் சொறிந்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"ஞானத்தாய்னா என்ன மேடம்?"

"பெத்தவங்க இல்லன்னா நான் பாத்துக்கறேன்னு கோயில்ல வாக்கு குடுக்கறவங்க சார்."

அந்த நேரம் பார்த்து ஜாய்சி அவர் பேனாவைப் பிடுங்கியது. மனிதர் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க மேடம், பில் இல்லன்னாலும் பதிஞ்சுக்கலாம். நல்லாத்தான் வச்சிருக்கீங்க. அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திக் குடுத்துடுங்க. வேற யாருக்காவது குடுக்கறதா இருந்தா எங்களுக்குச் சொல்லணும்."

பதிவுச் சான்றிதழ் வந்த அன்று அக்கா தெரு முழுக்க கேக் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு. என் பழைய கோபமும் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் ஃபிரெடி வீடியோ காலில் வந்தான். "அத்தை, அடுத்த வருஷம் பெரிய வீடு பாத்துட்டு ஜாய்சிய இங்க கூட்டினு வந்துடுறேன்."

அக்கா சான்றிதழை போன் முன்னால் நீட்டினார்.

"சட்டப்படி இவ என் பொண்ணுடா. பாக்கணும்னா நீ வா."