நான் அடித்த ஹோர்ன்

மானிப்பாயில் ஏதோ வாகனம் அடித்துவிட்டுப் போன பெட்டை நாய் அது. பின்னங்கால் முறிந்திருந்தது. நான் இருந்தது வாடகை அறையில். நாய் வைத்திருக்க முடியாது. அதனால் தோழி வீட்டுக் கொட்டிலில் கிடத்தி, இரண்டு மாதம் தினமும் ஸ்கூட்டியில் சோறும் மருந்தும் கொண்டுபோனேன். தெருமுனையில் ஹோர்ன் அடித்தால் போதும், கட்டுப்போட்ட காலோடு வாசலுக்கு ஓடிவரும். அதைப் பார்க்கவே தினமும் அடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கால் தேறியதும் கொடிகாமத்து மரக்கறி வியாபாரி ஒருவர் நாயை வளர்க்கக் கேட்டார். வீடு கண்டி வீதியோரம்.

“யோசிக்காதேங்கோ பிள்ளை, வடிவாப் பாப்பம்” என்றார். விட்டுவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

“ஏன் ஓடினதெண்டு விளங்கேல்லை பிள்ளை. ஆரோ ஸ்கூட்டியிலை ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போச்சினம், உடனை றோட்டுக்குப் பாய்ஞ்சிட்டுது. பஸ் அடிச்சுப்போட்டுது. நான்தான் படலையைச் சாத்தேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஏன் ஓடியது என்று எனக்கு விளங்கியது.

“பரவாயில்லை அண்ணை” என்றேன், ஏதோ பெரிய மனது உள்ளவள் மாதிரி.

இப்போது நான் ஹோர்ன் அடிப்பதேயில்லை. அதனால் யாருக்கு என்ன பயன்? அந்த மனிதர் இன்னமும் தன் படலையைத்தான் நொந்துகொண்டிருப்பார்.